இழுவைப் பெட்டிக்கு எவ்வளவு காற்று?



காற்றைப் பற்றிப் பேசுவதற்குத் திருகோணமலையில் வாழும் ஒருவனுக்குப் பொருட்பஞ்சம் இல்லை. மார்கழி மாதத்தில் வாடைக் காற்று கடலைக் கரையேற்றப் பார்க்கும். ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று புழுதியை வாரி வீட்டுக்குள் இறைக்கும். எனினும், இன்று நான் பேச எடுத்துக்கொண்ட காற்று கோணேசர் மலையில் வந்து மோதும் காற்றன்று. ஒரு சாண் அகலமும் இல்லாத இறப்பர் வளையத்துக்குள் அடைபட்டு, அரிசி மூட்டைகளையும் கதிரைகளையும் மீன்பிடித் தோணிகளையும் தாங்கிக்கொண்டு ஊர்ப் பாதைகளில் உருண்டு செல்லும் காற்றைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல விழைகின்றேன்.

எங்கள் லிங்கநகரின் ஒழுங்கைகளில் ஒரு காலைப்பொழுது நின்று பார்ப்பவருக்கு இழுவைப் பெட்டிகள் பல கண்ணிற்படும். லான்ட்மாஸ்டர் என்று நாம் அழைக்கும் இருசில்லு உழவு இயந்திரத்தின் பின்னே வரும் பெட்டி ஒன்று. வாடகைக் கதிரைகளையும் கிடாரங்களையும் ஏற்றிக்கொண்டு வானின் பின்னே துள்ளி ஓடும் சிறு பெட்டி ஒன்று. கடற்கரையிலிருந்து கண்ணாடியிழைத் தோணியைச் சுமந்துவரும் வெறுஞ் சட்டம் ஒன்று. பெரிய பாரவண்டிக்குக் காற்றுப் பார்ப்பதற்கு ஆள் உண்டு; வழக்கமும் உண்டு. சிறிய, இலேசான பெட்டியையோ ஒருவரும் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. "சின்னப் பெட்டிதானே!" என்ற ஒரு சொல்லோடு காரியம் முடிந்துவிடுகிறது. அந்தச் சொல் எத்தகைய இடருக்கு வழிவிடும் என்பதை நான் புத்தகத்திற் படித்து அறிந்தேனல்லேன். என் சொந்தத் தவறுகளாலேயே அறிந்தேன். ஆகவே அத்தவறுகளை முதலில் ஒப்புக்கொண்டு பின்னர் பாடத்துக்கு வருவதே முறையாகும்.

நான் கலைப் பட்டதாரி. இயந்திரங்களைப் பற்றிக் கற்றவன் அல்லன். ஆனால் பாடசாலை அதிபர் என்றால், தெரிந்தது தெரியாதது எல்லாவற்றுக்கும் கட்டளையிடும் பழக்கம் ஒன்று தானாகவே வந்து ஒட்டிக்கொள்கிறது. 2018ஆம் ஆண்டு, எங்கள் விஞ்ஞானக் கண்காட்சிக்காக வேறொரு பாடசாலையிலிருந்து கண்ணாடிக் குடுவைகளையும் சோதனைக் குழாய்களையும் இரவல் வாங்கினோம். அவற்றைக் கொண்டுவருவதற்கு என் பழைய மாணவன் ஒருவன் தன் வானையும் அதன் பின்னே பூட்டிய சிறு பெட்டியையும் கொண்டுவந்தான். முச்சக்கர வண்டிக்குரிய சிறு ரயர்கள் இரண்டை வைத்து, ஊரிலுள்ள ஒட்டுவேலைக்காரர் ஒருவர் செய்துகொடுத்த பெட்டி அது.

"சேர், காற்றுக் கொஞ்சம் குறைவு போலக் கிடக்குது" என்றான் அவன்.

"நல்லாய் இறுக்கி அடி, தம்பி. கண்ணாடிச் சாமான் ஏத்தப்போகிறோம்" என்றேன் நான்.

அவன் அடித்தான். ரயரின் பக்கத்தில் பொறித்திருந்த உச்ச அளவு எதுவோ, அதுவரைக்கும் அடித்தான். சில்லு கருங்கல்லைப்போல் ஆயிற்று. வைக்கோலுக்குள் பக்குவமாக அடுக்கிய குடுவைகள், மூன்று மைல் தூரம் வந்து சேர்வதற்குள் பாதிக்கு மேல் நொறுங்கிப்போயின. வீதியிலிருந்த ஒவ்வொரு சிறு பள்ளத்திலும் அந்தப் பெட்டி முயற்குட்டிபோல் எகிறிக் குதித்ததைப் பின்னால் வந்த நானே கண்டேன். உடைந்தவற்றுக்கு விலை கொடுத்தோம். அன்று நான் மாணவனிடம் கூறிய அறிவுரை இதுதான்: "இனிமேல் இந்தப் பெட்டிக்கு இருபத்தைந்து இறாத்தலுக்கு மேல் காற்று அடிக்காதே."

நேயர்களே, அதிபர் சொன்ன சொல்லை அந்த மாணவன் வேதவாக்காகக் கொண்டான். நான்கு ஆண்டுகள் அவ்வளவே அடித்து வந்தான். கதிரையும் பாத்திரமும் ஏற்றியமட்டில் ஒரு குறையும் நேரவில்லை. 2022ஆம் ஆண்டு வந்தது. எரிபொருளுக்காக இரவு பகலாக வரிசையில் நின்ற காலம் அது என்பதை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். இரண்டு பயணத்தில் கொண்டுவரவேண்டியதை ஒரு பயணத்தில் கொண்டுவர எல்லோரும் முயன்றோம். அந்த மே மாதத்தில், கந்தளாயிலிருந்து ஐம்பது கிலோ அரிசி மூட்டைகள் பத்தினை அந்தச் சிறு பெட்டியில் ஏற்றிக்கொண்டு அவன் புறப்பட்டான். வானுக்குள்ளும் மூட்டைகள் நிறைந்திருந்தமையால், அவனுடைய தம்பி பெட்டியின் மீது மூட்டைகளுக்கு மேலே அமர்ந்து வந்தான். நண்பகல் வெயில். தம்பலகாமச் சந்தியைக் கடந்து சற்றுத் தூரம் வந்ததும் இடப்பக்கத்து ரயர் வெடித்தது. பெட்டி ஒருபுறம் சரிந்து சுழன்றது. மேலே இருந்த பையன் தூக்கி எறியப்பட்டான்.

உயிருக்கு மோசம் வரவில்லை. வலது கையின் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைக்கு இரண்டு கிழமையே எஞ்சியிருந்தது. அவ்வாண்டு அவனால் பரீட்சை எழுத முடியவில்லை. வைத்தியசாலையில் அவனைப் பார்க்கச் சென்றபோது தமையன் என்னிடம் சொன்னான்: "நீங்கள் சொன்ன அளவுதான் சேர் அடிச்சிருந்தனான்." குற்றஞ் சாட்டும் குரலில் அவன் அதைச் சொல்லவில்லை. தான் ஒரு தவறும் செய்யவில்லையே என்ற திகைப்பிலேதான் சொன்னான். முதல் தவறுக்கும் இரண்டாம் தவறுக்கும் நானே ஆசிரியன் என்பது அப்பொழுதுதான் எனக்கு விளங்கியது. அதன் பின்னரே நான் மாணவனாகி, இந்த விடயத்தைக் கற்கத் தொடங்கினேன்.

கற்றதைக் கூறுகின்றேன்.

முதலாவது உண்மை, பாரத்தைச் சுமப்பது காற்றேயன்றி இறப்பர் அன்று என்பதாகும். இறப்பரும் அதனுள்ளே இழையோடும் நூல்களும் காற்றைக் கட்டிவைக்கும் பாத்திரமேயாகும். இதனைக் கண்டுகொண்டோர் வரலாறு சுவையானது. இறொபேட் வில்லியம் தொம்சன் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் 1845ஆம் ஆண்டிலேயே வண்டிச் சில்லுகளுக்குக் காற்றடைத்த வளையம் பூட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் உலகம் அதை மறந்துவிட்டது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், பெல்பாஸ்ற் நகரில் மிருகவைத்தியராக இருந்த ஜோன் பொயிட் டன்லொப் என்பவர், கல் பாவிய தெருவிலே தம் சிறு மகன் ஓட்டிய முச்சில்லு வண்டி தடதடவென்று அதிர்வதைக் கண்டு, மெல்லிய இறப்பர்க் குழாயில் காற்றை அடைத்து அதன் சில்லுகளில் பூட்டினார். 1888ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். காற்றடைத்த ரயர் உலகில் நிலைபெற்றது ஒரு குழந்தையின் இலேசான வண்டியிலே என்பதையும், அதைச் செய்தவர் ஒரு மிருகவைத்தியர் என்பதையும் எண்ணும்போது, சிறு பெட்டியைப் பற்றிக் கலைப் பட்டதாரி ஒருவன் பேசுவதும் அத்துணைப் பொருத்தமின்மை ஆகாது என்ற துணிவு எனக்குப் பிறக்கிறது.

இறப்பருக்கும் நம் நாட்டுக்கும் உள்ள தொடர்பும் பழையதே. பிரேசில் நாட்டு விதைகளிலிருந்து இலண்டன் கியூ பூங்காவில் முளைத்த கன்றுகள் 1876ஆம் ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவைச் சேர்ந்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. அதுவரை தம்பலகாமத்து வயல்களிலிருந்து நெல்லேற்றிவந்த மாட்டு வண்டிகளுக்கு இரும்புப் பட்டையே கதியாக இருந்தது. இரும்புப் பட்டைக்குக் காற்றளவு என்ற கவலை இல்லை. பாரம் கூடினால் அச்சுத்தான் முறியும். மயிற்பீலியே ஆனாலும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு தாங்காது என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்திலே எச்சரித்துவைத்தார். காற்றடைத்த ரயர் வந்தபின் வலியறிதலோடு காற்றின் அளவறிதலும் நமக்குக் கடமையாயிற்று.

காற்று எவ்வாறு சுமக்கிறது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்றின் அழுத்தத்தை நாம் சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்று சொல்கிறோம். 30 இறாத்தல் என்பது ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 2.1 கிலோகிராம் ஆகும். ஒரு சில்லின்மேல் 150 கிலோகிராம் பாரம் இருந்தால், அந்தச் சில்லு நிலத்தைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 71 சதுர சென்ரிமீற்றராக விரியும். அதாவது ஒருவரின் உள்ளங்கை அளவு. அதே பாரத்துக்கு 60 இறாத்தல் காற்று இருந்தால் அப்பரப்பு பாதியாகச் சுருங்கும். 15 இறாத்தல் மட்டுமே இருந்தால் இருமடங்காக அகலும். காற்றுக் குறையக் குறைய ரயர் நிலத்தில் பரந்து அமர்கிறது. கூடக் கூட நுனிக்காலில் நிற்கிறது. இவ்வளவையும் மனத்திற் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

என் முதல் தவறை இப்பொழுது ஆராய்வோம். காற்று கூடிய ரயர், ரயராக இல்லாமல் கட்டையாகிவிடுகிறது. பாரமான வண்டியை அந்தக் கட்டைமேல் நிறுத்தினால் அதன் பாரமே அதனை அமுக்கி வைத்திருக்கும். இலேசான பெட்டிக்கோ அமுக்குவதற்குப் பாரம் இல்லை. பள்ளத்தில் விழுந்த சில்லு மேலெழுந்து அந்தரத்தில் நின்று மறுபடி விழுகிறது. அந்தரத்தில் நிற்கும் சில்லுக்கு நிலத்தில் பிடி ஏது? வளைவிலும் ஈரத்திலும் பெட்டி பக்கவாட்டில் ஆடும். ஏற்றிய பொருள் நொறுங்கும். ஒட்டுவேலை செய்த இடங்கள் வெடிப்பு விடும். ரயரும் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து விரைவில் வீணாகும்.

இரண்டாவது தவறு இதனிலும் கொடியது. காற்றுக் குறைந்த ரயர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் மடிந்து நிமிர்கிறது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் வளைத்த இடம் சூடேறுவதை நாம் அறிவோம். ரயரும் அப்படியே சூடேறுகிறது. இறப்பரிலிருந்து வெப்பம் எளிதில் வெளியேறாது. ஆகவே சூடு உள்ளேயே சேர்கிறது. சேர்ந்த சூட்டினால் இறப்பரும் அதனுள்ளிருக்கும் நூற்படைகளும் பிரிந்து, இறுதியில் வெடிப்பு நேர்கிறது. சிறு சில்லுக்கு இவ்விடர் பெரிது. முச்சக்கர வண்டியின் ரயர் ஏறத்தாழ 41 சென்ரிமீற்றர் குறுக்களவு உடையது. ஒரு கிலோமீற்றர் ஓடுவதற்குள் அது 770 தடவை சுற்றவேண்டும். காரின் ரயருக்கு ஏறத்தாழ 530 சுற்றே போதும். கந்தளாயிலிருந்து நகருக்கு உள்ள 40 கிலோமீற்றர் தூரத்தில் அந்தச் சிறு ரயர் முப்பதினாயிரம் தடவைக்கு மேல் மடிந்து நிமிரவேண்டும். அதுவும் தாங்கமுடியாத பாரத்தோடும் மே மாதத்து நண்பகல் வெயிலோடும்! வெடித்தது வியப்பன்று, தம்பலகாமம்வரை தாங்கியதே வியப்பு.

அங்ஙனமாயின் சரியான அளவு யாது? எல்லாப் பெட்டிக்கும், எல்லாப் பாரத்துக்கும் பொருந்தும் ஓர் எண் இல்லை. நான் செய்த பிழையின் வேர் அதுதான்: முதலில் ஓர் எண்ணைச் சொன்னேன், பிறகு வேறோர் எண்ணைச் சொன்னேன், பாரம் எவ்வளவு என்று ஒருபோதும் கேட்கவில்லை.

அளவை அறிவதற்கு முதற்கண் ரயரின் பக்கச்சுவரைப் படிக்கவேண்டும். எங்கள் பெட்டியின் ரயரில் 71 என்ற எண்ணும் ஓர் ஆங்கில எழுத்தும் பொறித்திருந்தன. இந்த எண் பாரத்தின் குறியீடு. 71 என்றால் ஒரு ரயர் உச்சமாக 345 கிலோகிராம் சுமக்கும் என்பது பொருள். 62 என்றால் 265 கிலோகிராம். எழுத்து வேகத்தின் குறியீடு: ஜே என்றால் மணிக்கு 100 கிலோமீற்றர், எவ் என்றால் 80. அருகில் 425 கிலோபாஸ்கல் என்று இருந்தது. அது ஏறத்தாழ 62 இறாத்தல். பாஸ்கல் என்பது அழுத்தத்தை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் பெயரால் வழங்கும் அலகு. சில ரயர்களில் பார் என்று இருக்கும். ஒரு பார் 100 கிலோபாஸ்கல், அதாவது 14.5 இறாத்தல். நான்கு இலக்கங்கள் ஒரு சிறு வட்டத்துக்குள் இருப்பின், முதல் இரண்டும் கிழமையையும் பின் இரண்டும் ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமையில் வார்க்கப்பட்டது என அறியலாம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பக்கச்சுவரில் உள்ள 62 இறாத்தல் என்பது, உச்ச பாரமாகிய 345 கிலோகிராமைச் சுமப்பதற்கு வேண்டிய காற்று. பாதிப் பாரம் ஏற்றும் பெட்டிக்கு அது மிகை. ஆயினும் இழுவைப் பெட்டிக்கென்றே வார்க்கப்பட்ட ரயர்களுட் சிலவற்றுக்கு எந்நேரமும் பொறித்த அளவே அடைக்கவேண்டும் என்று உற்பத்தியாளர் கூறுவதுண்டு. அவ்வாறு கூறப்பட்டிருப்பின் அவர் சொல்லே முடிவு. பாரத்துக்கேற்ற காற்றின் அட்டவணையை உற்பத்தியாளர் வெளியிட்டிருந்தால் அதனையே பின்பற்றுக. இரண்டும் கிடைக்காதபோதே நான் சொல்லப்போகும் கணக்கு.

பெட்டியின் எடையோடு ஏற்றும் பொருளின் எடையைக் கூட்டுக. அரிசி ஆலைகளில் உள்ள பாரத்தராசில் ஒருமுறை வெறும் பெட்டியை நிறுத்துக்கொண்டால் பின்னர் மூட்டைகளை எண்ணினாலே போதும். முன்பாரமாகப் பெட்டியின் கொழுக்கி வண்டிமேல் அமர்த்தும் பங்கு ஏறத்தாழப் பத்தில் ஒன்று, அதனைக் கழிக்க. எஞ்சியதை இரண்டாகப் பகுத்தால் ஒரு சில்லின் பாரம் கிடைக்கும். அந்தப் பாரம் உச்ச பாரத்தில் எத்தனை பங்கோ, உச்ச அழுத்தத்தில் அத்தனை பங்கு காற்றும், அதற்குமேல் பத்திலொரு பங்கு பாதுகாப்புக்காகவும் வைத்துக்கொள்க.

எங்கள் பெட்டியின் எடை 120 கிலோகிராம். ஐந்து மூட்டை அரிசி ஏற்றினால் மொத்தம் 370. முன்பாரம் 37ஐக் கழித்தால் 333. ஒரு சில்லுக்கு ஏறத்தாழ 167. கணக்கின்படி 30 இறாத்தல், பாதுகாப்போடு 33. நாங்கள் 35 அடிக்கிறோம். பத்து மூட்டை ஏற்றினால் ஒரு சில்லுக்கு ஏறத்தாழ 280 கிலோகிராம். கணக்கின்படி 50 இறாத்தல், பாதுகாப்போடு 55. அன்று அந்த ரயரில் இருந்ததோ 25! பன்னிரண்டாம் மூட்டையை ஏற்றினால் வேண்டிய காற்று 62ஐக் கடந்துவிடும். ஆகவே பதினொன்றே அந்த ரயர்களின் எல்லை. அச்சும் வில்லும் கொழுக்கியும் அவ்வளவைத் தாங்குமா என்பது வேறு கேள்வி. அவற்றுள் எது நலிந்ததோ அதுவே முழுப் பெட்டியின் வலிமை.

கதிரைகளை மட்டும் ஏற்றும் நாளில் ஒரு சில்லுக்கு 100 கிலோகிராமே வரும். கணக்கு 18 இறாத்தல் என்று சொல்லும். ஆனால் அத்துணைக் குறைத்தல் ஆகாது. சிறு ரயரில் காற்று மிகக் குறைந்தால், குழியில் விழும்போது ரியூப் இரும்பு வளையத்துக்கும் நிலத்துக்கும் இடையே நசுங்கிக் கிழியும்; ரயர் வளையத்தில் நழுவி வால்வின் அடியை அறுத்துவிடுவதும் உண்டு. ஆகவே வெறும் பெட்டியேயாயினும் 25க்குக் கீழ் நாங்கள் இறக்குவதில்லை.

வெண்கட்டி கையிலுள்ள ஆசிரியர்களுக்கு ஓர் எளிய சோதனையும் சொல்வேன். பாரம் ஏற்றிய பெட்டியின் ரயர் முகத்தில், ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரு கோடு கீறிவிட்டு, சமதரையில் பெட்டியைச் சிறிது தூரம் உருட்டுக. நடுவில் மட்டும் கோடு அழிந்தால் காற்று மிகை. இரு ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. ஒரே சீராக அழிந்தால் பொருத்தம். வட்ட முகமுள்ள ரயருக்கு இச்சோதனை அவ்வளவாகப் பொருந்தாது. தட்டையான முகமுள்ளதற்கு நன்கு பொருந்தும். பெருவிரலால் அமுக்கிப் பார்க்கும் சோதனையை மட்டும் கைவிட்டுவிடுங்கள். தடித்த சுவருள்ள சிறு ரயரில் 25 இறாத்தலும் 60 இறாத்தலும் பெருவிரலுக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஓர் அழுத்தமானியை வாங்கி வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

எப்போது அளப்பது என்பதும் முக்கியம். ரயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்கவேண்டும். ஓடி வந்த ரயரானால் மூன்று மணிநேரமாவது நிழலில் நின்றிருத்தல் வேண்டும். அடைபட்ட காற்றின் வெப்பம் ஏற அழுத்தமும் ஏறும் என்பது இயற்கை விதி. காலையில் 27 பாகை வெப்பத்தில் 30 இறாத்தல் காட்டிய ரயர், ஓடி வெயிலேறி 57 பாகையை அடைந்தால், ஏறத்தாழ 34½ இறாத்தல் காட்டும். இதைக் கண்டு, காற்றுக் கூடிவிட்டதென எண்ணி வழியில் திறந்துவிடுவோர் பலர். அவ்வாறு செய்தால், குளிர்ந்தபின் அந்த ரயரில் குறையே மிஞ்சும். சூட்டினால் எழும் இவ்வேற்றத்தை எதிர்பார்த்தே ரயரைச் செய்கிறார்கள், நாம் அஞ்சவேண்டியதில்லை.

கடற்கரையிலுள்ள என் உடன்பிறந்தார்க்குத் தனியாக ஒரு வார்த்தை. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் மணலில் தோணியை இழுப்பதற்குப் பெட்டியின் காற்றைக் குறைப்பது சரியான உபாயமே. பரப்பு அகலுவதால் சில்லு மணலில் புதையாது. ஆனால் மணலுக்கு வேண்டிய காற்று தார்வீதிக்கு ஆகாது. வீதியில் ஏறுமுன் மறுபடி அடைத்தே தீரவேண்டும். பம்பு இல்லாதவர் காற்றைக் குறைக்காதிருப்பதே நன்று. உப்பு நீரில் இறங்கிய சில்லை நன்னீர் ஊற்றிக் கழுவுங்கள்; வளையம் துருவேறினால் காற்றும் நில்லாது, குண்டுப் போதிகையும் நில்லாது.

இலேசான பெட்டிக்கு இன்னும் ஒரு குறை உண்டு. அதன் துன்பம் ஓட்டுநருக்குத் தெரிவதில்லை. வானின் சில்லில் காற்று இறங்கினால் சுக்கான் சொல்லிவிடும். பின்னால் வரும் பெட்டியின் சில்லு முற்றாக இறங்கினாலும் முன்னால் இருப்பவர் பாட்டுக் கேட்டுக்கொண்டே போவார். ஆகையால் புறப்படுமுன் இரு ரயர்களையும் அளந்து ஒரே அளவில் வைக்கவேண்டும். சில மைல் சென்றதும் இறங்கிக் கையால் தொட்டுப் பார்க்கவேண்டும். ஒன்று மற்றதைவிடச் சூடாக இருந்தால் அங்கே ஏதோ குறை உண்டு. வால்வில் சிறிது சவர்க்கார நீர் தடவினால், குமிழி எழுகிறதா என்று பார்த்துக் கசிவை அறியலாம். வால்வின் மூடியைத் தொலைக்காதீர்கள், புழுதி புகாமற் காப்பது அதுவே. பெட்டியை நாட்கணக்கில் வெயிலில் நிறுத்துவோர், சில்லுகளைச் சாக்கினால் மூடி வையுங்கள். இவ்வகைப் பெட்டிகளின் ரயர், ஓடித் தேய்வதற்கு முன்னரே வெயிலில் வெடித்து முதுமை எய்திவிடுகிறது. பாரத்தை அச்சுக்குச் சற்று முன்னாக ஏற்றுங்கள். பின்பாரமான பெட்டி நாய்வால்போல் ஆடும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்டியின்மேல் மனிதரை ஏற்றாதீர்கள். காற்றின் கணக்கில் நாம் எவ்வளவு பிழைவிட்டாலும், அங்கே ஒரு பிள்ளை அமர்ந்திராவிடில் நட்டம் அரிசியோடு போயிருக்கும்.

அந்தப் பையன் 2023ஆம் ஆண்டில் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தான். ஓராண்டு பிந்தியதை அவன் ஒரு குறையாகச் சொல்வதில்லை. நான்தான் அதை நினைத்துக்கொள்கிறேன். பெட்டியைப் பழுதுபார்த்துப் புதிய ரயர் பூட்டியபோது, அதன் சேறு காப்பில் வெள்ளை வர்ணத்தால் மூன்று வரிகள் எழுதினான்: கதிரைக்கு 25, ஐந்து மூட்டைக்கு 35, பத்து மூட்டைக்கு 55. அவ்வெண்களை எழுதுமுன் என்னை அழைத்து, கணக்கு முழுவதையும் எனக்குப் போட்டுக் காட்டினான். ஓரிடத்தில் முன்பாரத்தைக் கழிக்க நான் மறந்தபோது, "சேர், அதைக் கழிக்கவேணும்" என்று திருத்தினான். எலும்பு பொருந்திய அந்தக் கையால் அவன் எழுதிய எண்கள் சற்றே கோணலாக இருந்தாலும், ஒழுங்கையில் போவோர் வருவோர் எல்லோருக்கும் தெளிவாகத் தெரிகின்றன. அயலிலுள்ள வேறு இரண்டு பெட்டிக்காரரும் தங்கள் பெட்டிகளை நிறுத்துப்பார்த்து, அவ்வாறே எழுதுவித்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டு முற்றத்திலும் ஒரு சிறு பெட்டி நிற்கக்கூடும். நாளைக் காலை, வெயில் ஏறுமுன், அதன் அருகே குந்தியிருந்து பக்கச்சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். எத்தனை மூட்டை ஏற்றுவதாக எண்ணியிருக்கிறீர்கள் என்பதையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். கால் மணிநேர வேலைதான்.